ஊர் கமிட்டி பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்: இது சாவடில பேசி முடிக்கிற விஷயம் இல்ல

ஊர் கமிட்டி பெரியவங்களுக்கும் கோயில் கமிட்டி நிர்வாகிகளுக்கும் ஊராட்சி செயலர் அண்ணனுக்கும்,

போன வெள்ளிக்கிழமை ராத்திரி சாவடில கூடி மூணு முடிவு எடுத்திருக்கீங்க. ஒரு குழந்தைக்கு பாலியல் கொடுமை செஞ்சதா புகார் வந்திருக்கற அந்தாள் கோயிலுக்கு அபராதம் கட்டிட்டு ஆறு மாசம் ஊருக்குள்ள வராம இருந்தா போதும், விஷயம் அதோட முடிஞ்சதுங்கறது ஒண்ணு. புகாரை வாபஸ் வாங்குற வரைக்கும் அந்த குழந்தையோட வீட்டுல தலைக்கட்டு வரி (வீட்டுக்கு வீடு ஊருக்கு குடுக்கிற வரி) வாங்க மாட்டோம், அதாவது ஊரை விட்டு ஒதுக்கி வைப்போம்ங்கறது ரெண்டாவது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சமுதாயக்கூடத்துல எங்க மகளிர் குழு பொம்பளைக நடத்திட்டு வர்ற பிள்ளைக பாதுகாப்பு கூட்டம் இனிமே நடக்கக்கூடாது, சாவியை திருப்பி குடுத்துடணும்ங்கறது மூணாவது. இந்த மூணுல எதையும் எங்களால ஏத்துக்க முடியாது. சாவடில பொம்பளைக ஏறி பேச முடியாது, அன்னைக்கு நாங்க எல்லாரும் படிக்கட்டுக்கு கீழ நின்னுதான் கேட்டோம், ஒரு வார்த்தை பேச விடல, அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

இதை படிக்கிற வெளியூர்க்காரங்க இது எந்த ஊரு, எந்த குழந்தைன்னு தயவுசெஞ்சு தேடாதீங்க. ஊர் பேரு, குழந்தை வயசு, என்ன நடந்துச்சுங்கற விவரம் எதையும் நான் எழுதல, எழுதவும் கூடாது. பாலியல் குற்றங்கள்ல இருந்து குழந்தைகளை பாதுகாக்குற போக்சோ சட்டத்தோட 23ம் பிரிவுல குழந்தையோட அடையாளம் தெரியற மாதிரி வெளியிடறதே குற்றம்னு இருக்கு. நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல அந்த புள்ளையோட பள்ளிக்கூட போட்டோவை எடுத்து போட்டு "இந்த வீட்டு பிரச்சனைதான்"னு எழுதினவங்களுக்கும் இதையேதான் சொல்றேன், உடனே அழிங்க, குரூப் அட்மினும் அதை எடுத்து விடணும்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணி சொன்னது நான்தான். யாரு வெளிய சொன்னதுன்னு வீடு வீடா போயி விசாரிக்க வேண்டாம், அங்கன்வாடி டீச்சர் மேல சந்தேகப்பட்டு அவங்களை மாத்த சொல்லி மனு குடுக்க வேண்டாம். அந்த குழந்தை அவங்க அம்மாகிட்ட சொல்லுச்சு, அம்மா எங்கிட்ட வந்து அழுதாங்க, நான் போன் போட்டேன். இப்பவும் அதையேதான் செய்வேன்.

நீங்க எல்லாரும் எனக்கு பெரியப்பா, மாமா, அண்ணன் முறைதான். வாய்க்கா தகராறு, வரப்பு தகராறு, பாகப்பிரிவினைன்னு எத்தனையோ விஷயத்தை கோர்ட்டுக்கு போகாம நியாயமா தீத்து வச்சிருக்கீங்க, எங்கப்பா செத்தப்போ எங்க வீட்டு பங்கை பிரிச்சு குடுத்ததும் நீங்கதான், அந்த மரியாதை எனக்கு எப்பவும் உண்டு. ஆனா வரப்பு தகராறுல ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்க ஏதோ ஒண்ணு இருக்கும். இதுல அந்த குழந்தை எதை விட்டுக்குடுக்கும்? யாருக்காக விட்டுக்குடுக்கணும்? அதுக்கு நடந்ததை மன்னிக்கிற உரிமை உங்களுக்கும் இல்ல எனக்கும் இல்ல, அதோட அப்பாவுக்கு கூட கிடையாது.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. போக்சோ 2012 நவம்பர் 14ம் தேதி அமலுக்கு வந்துச்சு. அதுல 19ம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, குழந்தைக்கு இப்படி ஒரு கொடுமை நடந்திருக்குன்னு யாருக்கு தெரிஞ்சாலும், நடக்கப்போகுதுன்னு சந்தேகம் வந்தா கூட, போலீஸ்கிட்ட சொல்லியே ஆகணும். டீச்சர், டாக்டர்னு இல்ல, யாரா இருந்தாலும். சொல்லாம விட்டா 21ம் பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டுமே. நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல எந்த வழக்கும் போட முடியாதுன்னும் அதே 19ம் பிரிவுல இருக்கு. வெள்ளிக்கிழமை சாவடில உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அப்போ அத்தனை பேருக்கும் அந்த கடமை இருந்துச்சு. நீங்க செஞ்சது என்னன்னா தெரிஞ்ச விஷயத்தை அபராதம் போட்டு மூடினது. புகாரை வாபஸ் வாங்குன்னு குடும்பத்தை நெருக்குறது தனியா இன்னொரு தப்பு. அப்படி வாபஸ் வாங்கவும் முடியாது, எஃப்ஐஆர் போட்டாச்சுன்னா அது அரசாங்கம் நடத்துற வழக்கு.

சமரசம் ஆயிட்டா கேஸ் தானா நின்னுடும்னு சாவடில ஒருத்தர் சொன்னாரு. ராஜஸ்தான்ல 2022ல ஒரு மாணவிகிட்ட தப்பா நடந்துக்கிட்டதா ஒரு வாத்தியார் மேல போக்சோ கேஸ் போட்டாங்க. கொஞ்ச நாள்லயே குடும்பத்தோட சமரசம் ஆயிடுச்சுன்னு பேப்பர் காட்டி ஹைகோர்ட்டுல கேஸை ரத்து பண்ண வச்சுட்டாங்க. அப்புறம் அந்த குடும்பத்துக்கு சம்பந்தமே இல்லாத மூணாம் மனுஷங்க அதை எதுத்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 2024 நவம்பர் 7ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஹைகோர்ட்டு உத்தரவை தூக்கிட்டு கேஸ் தொடர்ந்து நடக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு, இது ரெண்டு வீட்டுக்கு நடுவுல உள்ள சண்டை மாதிரி பாத்து முடிக்கிற விஷயம் இல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம்ங்கறதுதான் அதோட சாரம். சொந்தமும் இல்லாம பந்தமும் இல்லாம யாரோ ஒரு புள்ளைக்காக டெல்லி வரைக்கும் போன ஆளுங்க இருக்காங்க, நம்ம ஊர்ல ஒரே தெருவுல இருந்துக்கிட்டு அந்த வீட்டுக்கு வரி வாங்க மாட்டோம்னு சொல்றோம்.

எனக்கு ரொம்ப வேதனையா இருக்கறது வேற ஒண்ணு. 2018 மே மாசம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துச்சு ஞாபகம் இருக்கா, அப்போ திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த சென்னைக்காரங்க வண்டியை நிறுத்தி வழி கேட்டப்போ ஒரு வயசான அம்மா பிள்ளைகளுக்கு சாக்லேட் குடுத்தாங்கங்கறதுக்காக ஊரே சேந்து அடிச்சதுல அந்த அம்மா செத்தே போனாங்க. 65 வயசு. எந்த தப்பும் செய்யல. அதே மாசம் நம்ம ஊர் பசங்களும் ராத்திரி கம்போட காவல் நின்னாங்க, வேலைக்கு வந்த வடக்கத்தி பையனை கட்டி வச்சு விசாரிச்சாங்க. வெளியாள்னா விசாரணையே வேண்டாம்னு அடிக்க கை ஓங்குறோம், உள்ளூர்க்காரன்னா, அதுவும் கோயிலுக்கு தகரக் கொட்டகை போட்டுக்குடுத்தவர்னா, டீ வாங்கி குடுத்து உக்கார வச்சு பேசுறோம்.

ஆனா குழந்தைகளுக்கு ஆபத்து எங்க இருந்து வருது? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கணக்கு போடுது, போக்சோல பதிவாகிற பலாத்கார வழக்குல 100க்கு 90க்கு மேல குற்றம் சாட்டப்பட்டவர் அந்த குழந்தைக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஆள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் எடுக்கறவர், வேன் ஓட்டுறவர், குடும்ப நண்பர். முகம் தெரியாத கும்பலுக்கு பயந்து கம்பு எடுத்துக்கிட்டு ஊர் எல்லைல நிக்கிறோம், ஆபத்து நம்ம திண்ணைல உக்காந்து பிள்ளைக்கு மிட்டாய் குடுத்துக்கிட்டு இருக்கு.

"அவரு அப்படிப்பட்டவர் இல்லம்மா, ஊருக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு"ன்னு சாவடில திரும்ப திரும்ப சொன்னீங்க. இப்படி பண்றவங்க யாரும் முதல் நாளே பிள்ளை மேல கை வைக்கிறது கிடையாது. முதல்ல வீட்டுல நல்ல பேரு எடுப்பாங்க. அப்பா குடிச்சிட்டு விழுந்து கெடக்குற வீடு, அம்மா விடிகாலை மில்லு வேன்ல போயிட்டு இருட்டுனதுக்கு அப்புறம் வர்ற வீடு, இப்படி பாத்துதான் உதவி செய்ய வருவாங்க. ஃபீஸ் கட்டுவாங்க, போனுக்கு ரீசார்ஜ் பண்ணி விடுவாங்க, வண்டில கொண்டு போயி பள்ளிக்கூடத்துல விடுவாங்க. அப்புறம் பிள்ளைகிட்ட மட்டும் ஒரு ரகசியம், அதுக்கு மட்டும் தனியா ஒரு பொருள், வீட்டுல சொல்லாதன்னு ஒரு வார்த்தை. அது பழகிட்டா அடுத்து என்ன நடந்தாலும் அந்த குழந்தை சொல்லாது, சொன்னாலும் அந்த நல்ல பேரு முன்னாடி குழந்தை பேச்சு எடுபடாது. ஊருக்கு செஞ்ச நல்லது அவரு இதை செஞ்சிருக்க மாட்டாருங்கறதுக்கு அத்தாட்சி ஆகாது பெரியப்பா. அவரு குற்றவாளியா இல்லையாங்கறதை நானும் சொல்லல, அதை கோர்ட்டு சொல்லட்டும், சாட்சி என்ன, டாக்டர் ரிப்போர்ட் என்னன்னு பாத்து சொல்ற இடம் அதுதான். அன்னைக்கு ராத்திரி அவரை பிடிச்சு அடிக்கணும்னு கிளம்புன பசங்களை வழில நின்னு தடுத்ததும் எங்க குழு பொம்பளைகதான். அடிக்கவும் வேண்டாம், ஒளிச்சு வைக்கவும் வேண்டாம்.

அதே போக்சோவை நம்ம ஊரு வேற ஒரு விஷயத்துல ரொம்ப வேகமா பயன்படுத்தியிருக்கு. 17 வயசு பொண்ணு வேற தெரு பையனோட போயிட்டான்னு தெரிஞ்ச ராத்திரியே ரெண்டு வண்டி வச்சு ஸ்டேஷனுக்கு போனீங்க, போக்சோல போட்டாதான் எந்திரிப்போம்னு உக்காந்தீங்க, அந்த பையன் ஜெயிலுக்கு போனான், படிப்பும் போச்சு. வளரிளம் வயசு பசங்க காதலை தண்டிக்கிறதுக்காக இந்த சட்டம் கொண்டு வரலன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2021 ஜனவரில ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு. அன்னைக்கு ஊர் மானம் போகும்னுதான் ஸ்டேஷனுக்கு போனீங்க, இன்னைக்கும் ஊர் மானம் போகும்னுதான் ஸ்டேஷனுக்கு போகாதன்னு சொல்றீங்க, ரெண்டு தடவையும் அந்த பொண்ணு என்ன ஆவா, இந்த புள்ள என்ன ஆகும்னு யாரும் கேக்கல. எனக்கு கோவம் அங்கதான் வருது.

இப்போ எங்க கூட்டத்தை பத்தி. "பொம்பளைக கூட்டம் போட்டு பிள்ளைகளுக்கு இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக்குடுத்ததாலதான் இந்த பிரச்சனையே வந்துச்சு"ன்னு தீர்மானத்துல எழுதியிருக்கீங்களாம். அங்க என்ன நடக்குதுன்னு ஒருநாளும் வந்து பாக்காதவங்க எழுதினது அது, அதனால விவரமா சொல்றேன்.

2024 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடத்துல என்சிசி கேம்ப்னு சொல்லி போலியா ஒரு கேம்ப் நடத்தினாங்க, அதுல ஒரு சின்ன பொண்ணுக்கு நடந்த கொடுமை வெளிய வந்துச்சு. கேம்ப் நடத்துறவன் யாரு, உண்மையான என்சிசி ஆளாங்கறதை கூட யாரும் கேக்கல. அந்த பொண்ணு பள்ளிக்கூடத்துல சொல்லியும் போலீஸ்ல சொல்லாம மறைச்சதுக்காக பள்ளி நிர்வாகத்துல இருந்தவங்களையும் கைது பண்ணாங்க. அந்த செய்தி வந்த வாரம் குழு கூட்டத்துல கடன் தவணை பேசி முடிச்சதும் யாரும் எந்திரிக்கல. நம்ம பிள்ளைகளை யாரு எங்க கூட்டிட்டு போறா, நம்ம வேலைக்கு போனதுக்கு அப்புறம் யாரு கூட இருக்குதுகன்னு ஒவ்வொருத்தியா பேச ஆரம்பிச்சோம். அப்படி ஆரம்பிச்சதுதான். அங்கன்வாடி டீச்சரும் நர்ஸம்மாவும் வந்தாங்க, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருந்து ஒரு மேடம் வந்து எப்படி பேசணும்னு சொல்லிக்குடுத்துட்டு போனாங்க.

நாங்க பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுத்தது இதுதான். உன் உடம்பு உன்னோடது. உள்ளாடை மூடுற இடத்தை யாரும் தொடக்கூடாது, பாக்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, அவங்களோடதை தொட சொல்லவும் கூடாது. டாக்டர் பாக்கணும்னா அம்மா கூட இருக்கணும். பிடிக்கலன்னா வேண்டாம்னு சத்தமா சொல்லு, அந்த இடத்தை விட்டு ஓடு, நம்புற ஒரு பெரியவங்ககிட்ட சொல்லு, அவங்க நம்பலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லு, நம்புற வரைக்கும் சொல்லு. யாராவது ரகசியம்னு சொன்னா அம்மாகிட்ட சொல்லக்கூடாத ரகசியம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இதுல எது பொல்லாதது?

அம்மாக்களுக்கு சொன்னது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மாமா மடில போயி உக்காரு, தாத்தாவுக்கு முத்தம் குடுன்னு பிள்ளையை அதட்டாதீங்க, அதுக்கு வேண்டாம்னு தோணுனா விட்டுடுங்க. பிள்ளை ஏதாவது சொன்னா "நீ ஏன் அங்க போன"ன்னு முதல் கேள்வி கேக்காதீங்க. அடிக்காதீங்க. பத்து பேர் முன்னாடி திரும்ப திரும்ப சொல்ல வைக்காதீங்க. துணியை உடனே துவைச்சு போடாதீங்க. ஆம்பள பிள்ளைகளையும் கேளுங்க. மத்திய அரசு 2007ல வெளியிட்ட ஆய்வுல 13 மாநிலத்துல கேட்டப்போ பாதிக்கு மேல பிள்ளைக, 53 சதவீதம், ஏதோ ஒரு விதத்துல பாலியல் கொடுமையை சந்திச்சிருக்கோம்னு சொல்லியிருக்குதுக, அதுல பொண்ணுகளை விட பையனுக கொஞ்சம் கூடுதல். போக்சோல ஆண் பெண்ணுன்னு வித்தியாசமே இல்ல. ஆனா நம்ம ஊர்ல பையனுக்கு நடந்தா யாரும் வாயே திறக்க மாட்டாங்க, அவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுடுறோம், அவன் அதை வச்சுக்கிட்டு எப்படி வளருவான்னு யோசிக்கிறது இல்ல.

அப்புறம் பிள்ளைகளையே நம்ம ஊர் மேப் வரைய சொன்னோம், பயமா இருக்குற இடத்துக்கு சிவப்பு கலர் அடிங்கன்னு சொன்னோம். நாங்க நினைச்சது பஸ் ஸ்டாப்பும் சுடுகாட்டு பாதையும்தான். பிள்ளைக சிவப்பு அடிச்சது பொது கழிப்பறைக்கு பின்பக்கம், கண்மாய் கரைல குடிக்கிறவங்க உக்காருற இடம், தண்ணி டேங்குக்கு கீழ சீட்டு ஆடுற இடம். ரெண்டு மூணு பிள்ளைக சொல்லி வச்ச மாதிரி இன்னொரு இடத்துக்கும் அடிச்சிருந்துச்சுக, அது எங்கன்னு இங்க எழுதல, போலீஸ்கிட்ட சொல்லியாச்சு. கழிப்பறை பக்கம் லைட்டு போட ஊராட்சில மனு குடுத்தோம், வரல, குழு காசுல நாங்களே போட்டோம். டியூஷன் எடுக்கறவங்ககிட்ட கதவை திறந்து வச்சு எடுங்க, ஒத்த பிள்ளையை மட்டும் தனியா நிறுத்தி வைக்காதீங்க, எந்நேரமும் ஒரு அம்மா வந்து பாக்கலாம்ங்கறதுக்கு சம்மதிங்கன்னு கேட்டோம். மத்த எல்லாரும் சரின்னு சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் என்னையே சந்தேகப்படுறீங்களான்னு கமிட்டில போயி புகார் சொன்னாரு, நீங்க எங்களை கூப்பிட்டு கண்டிச்சீங்க. அப்பவே நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

சமுதாயக்கூடத்து சுவத்துல 1098னும் பள்ளிக்கல்வித்துறையோட 14417னும் பெருசா எழுதி வச்சிருந்தோம், பிள்ளைக போற வர்ற வழில கண்ணுல படட்டும்னு. பங்குனி திருவிழாவுக்கு வெள்ளை அடிக்கிறோம்னு அதை மறைச்சு நன்கொடையாளர் பேரை எழுதிட்டீங்க. அந்த பேருல ஒண்ணு யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தால பிரச்சனை வரல பெரியப்பா. பிரச்சனை எப்பவோ வந்துடுச்சு, கூட்டம் நடந்ததால அந்த புள்ளைக்கு சொல்ல ஒரு வாய் கிடைச்சுது. கூட்டம் இல்லாம இருந்திருந்தா அது இன்னும் எத்தனை நாள் மென்னு முழுங்கிக்கிட்டு அதே மாடிப்படி ஏறியிருக்கும்னு நினைச்சா எனக்கு தூக்கம் வரல. உங்க பேத்தியும் எங்க கூட்டத்துக்கு வர்ற பிள்ளைதான்.

ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலைஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும்னு பயப்படுறீங்க, அந்த பயத்துல பாதி நியாயம் இருக்கு. சட்டத்துல குழந்தைக்கு நிறைய பாதுகாப்பு எழுதி வச்சிருக்கு. வாக்குமூலத்தை குழந்தையோட வீட்டுலயோ அது விரும்புற இடத்துலயோ எடுக்கணும், முடிஞ்ச வரை பெண் எஸ்ஐ எடுக்கணும், யூனிஃபார்ம் போட்டு வரக்கூடாது, ராத்திரி குழந்தையை ஸ்டேஷன்ல வைக்கவே கூடாது. பொண்ணா இருந்தா லேடி டாக்டர்தான் பாக்கணும், அம்மாவோ அப்பாவோ கூட இருக்கணும். கோர்ட்டுல அந்த ஆளு முகத்தை குழந்தை பாக்காத மாதிரி ஏற்பாடு பண்ணணும், திரும்ப திரும்ப கூப்பிட்டு அலைக்கழிக்க கூடாது, முடிஞ்ச வரை ஒரு வருஷத்துக்குள்ள கேஸை முடிக்கணும். குழந்தைகள் நலக் குழு மூலமா கூடவே வர ஒரு துணை ஆளை கேக்கலாம், எஃப்ஐஆர் போட்டதுக்கு அப்புறம் எந்த கட்டத்துலயும் கோர்ட்டு இடைக்கால நிவாரணம் குடுக்க சொல்லலாம். ஆனா எல்லாம் எழுதுன மாதிரியே நடக்குதுன்னு நான் சொல்ல வரல. அந்த குடும்பம் முதல்ல போன இடத்துல வெளிய பெஞ்சுல உக்கார வச்சாங்க, யூனிஃபார்ம்லயே வந்து கேட்டாங்க, நாங்க சட்டத்தை சொன்னதுக்கு அப்புறம்தான் லேடி எஸ்ஐ மஃப்டில வீட்டுக்கு வந்தாங்க. அதனாலதான் ஊர் கூட நிக்கணும்னு கேக்குறோம். ஊர் பெரியவங்க நாலு பேர் கூட போயி நின்னிருந்தா அந்த குடும்பத்தை பெஞ்சுல உக்கார வச்சிருப்பாங்களா? உங்க செல்வாக்கை நீங்க அதுக்கு பயன்படுத்தல, அவரை காப்பாத்த பயன்படுத்தினீங்க.

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்பு குழுன்னு ஒண்ணு நம்ம ஊராட்சிலயும் இருக்கு, தெரியுமா? ஊராட்சி தலைவர் தலைமைல, அங்கன்வாடி பணியாளர், பள்ளி ஆசிரியர், நர்ஸ், பெற்றோர், பிள்ளைக தரப்புல ரெண்டு பேர்னு எல்லாரும் அதுல இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். நம்ம ஊர்ல அது நோட்டுல மட்டும்தான் இருக்கு, செயலர் அண்ணன் ஒரு பக்கத்துல "குழந்தைகள் தொடர்பான பிரச்சனைகள் ஏதுமில்லை"ன்னு எழுதி வீடு வீடா கையெழுத்து வாங்கிட்டு போவாரு, எங்கிட்டயே வந்து கேட்டாரு, நான் போடல. 2025 ஜனவரில தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்ததுக்கு அப்புறம் அந்த நோட்டும் எங்க இருக்குன்னு தெரியல. பள்ளிக்கூடத்துல பிள்ளைக புகாரை எழுதி போட மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி வச்சிருக்காங்க, எச்எம் ரூம் வாசல்ல எல்லாரும் பாக்குற இடத்துல. எந்த பிள்ளை போயி அதுல சீட்டு போடும்?

இனி எங்க கோரிக்கையை சொல்றேன். அபராதம், ஆறு மாசம் ஊர் விலக்குன்னு எடுத்த முடிவை ரத்து பண்ணிட்டு, போலீஸ் விசாரணைக்கு முழுசா ஒத்துழைப்போம்னு கமிட்டி எழுதி குடுக்கணும். கோயிலுக்கு அந்த காசு வேண்டாம், வாங்கியிருந்தா போலீஸ்கிட்ட சொல்லி திருப்பி குடுத்துடுங்க. ஆறு மாசம் கழிச்சு அவரு ஊருக்குள்ள வரலாமா கூடாதாங்கறதை கோர்ட்டு சொல்லும், நீங்க தேதி குறிக்க வேண்டாம்.

அந்த குடும்பத்துக்கு தலைக்கட்டு வரியை இந்த வாரமே வாங்கணும். கமிட்டில இருந்து யாரும், சொந்தம்ங்கற முறைல கூட, புகார் விஷயமா அந்த வீட்டு வாசல் மிதிக்க கூடாது. ஆடி முளைப்பாரில அந்த வீட்டு பொண்ணுகளும் மத்த பிள்ளைக மாதிரியே ஓடு எடுக்கணும், அதுல யாராவது ஒதுக்குனா எங்க குழுல ஒரு பொம்பளை கூட முளைப்பாரி எடுக்க மாட்டோம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஒதுக்கி வைக்கிறது தொடர்ந்தா திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு குடுப்போம், ஊர் பேரு வெளிய வரும், அதுக்கு நாங்க காரணம் ஆக மாட்டோம்.

சமுதாயக்கூடம் அரசாங்க காசுல கட்டுனது, சாவியை குடுக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை கூட்டம் நடக்கும், கமிட்டில இருந்து ரெண்டு பேர் வந்து உக்காந்து முழுசா கேளுங்க, அப்பாக்களும் வரணும், இது பொம்பளைக வேலைன்னு ஒதுங்காதீங்க. 1098, 14417 நம்பரை அதே சுவத்துல அதே அளவுல திரும்ப எழுதணும்.

செயலர் அண்ணனுக்கு: தனி அலுவலர்கிட்ட சொல்லி பாதுகாப்பு குழுவை வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபைல எல்லார் முன்னாடியும் திரும்ப அமைக்கணும், அதுல பிள்ளைக தரப்பு ரெண்டு பேரை பிள்ளைகளே தேர்ந்தெடுக்கணும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு சொந்தக்காரங்க யாரும் அதுல இருக்கக்கூடாது. கழிப்பறை பக்கமும் கண்மாய் பாதையிலயும் லைட்டு. டியூஷன், சிலம்பம், வேன், கேம்ப்னு பிள்ளைகளோட பழகுற எல்லாருக்கும் போலீஸ் சரிபார்ப்பு கேக்கணும், 2020 போக்சோ விதிகள்லயே பிள்ளைக வந்து போற இடத்துல வேலை பாக்குறவங்களை சரிபாக்கணும்னு இருக்கு. மாணவர் மனசு பெட்டியை பிள்ளைக தனியா போயி போடுற மாதிரி இடம் மாத்தணும், அதை திறக்கும்போது ஒரு அம்மா கூட இருக்கணும், இதை பள்ளி மேலாண்மைக் குழுல வச்சு நிறைவேத்துங்க.

பதிலை சாவடில கூப்பிட்டு சொல்ல வேண்டாம். கமிட்டி லெட்டர்பேடுல, கையெழுத்தோட, கிராம சபைக்கு முன்னாடி குடுங்க.

இப்படிக்கு,
மகளிர் குழு சார்பா, உங்க ஊர் பொண்ணு